வேர்கள் வகுத்த வழிகள்

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களைக் காண்போர் தழையையும் காயையும் வியப்பர். நான் இன்று வேரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

மண்ணிலுள்ள மணிச்சத்து இடம்விட்டு எளிதில் நகராது. செடிதான் அதைத் தேட வேண்டும். எவ்வாறு? ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள கற்படிவங்களில் வேரே இல்லாத செடிகள் உள்ளன. அவற்றினுள்ளும் பூசண இழைகள் குடியிருந்தன. வேரினும் மூத்தது இவ்வுறவு!

பின்னர் வழிகள் பிரிந்தன. தடித்த வேருடையவை பல, பூசணத்துக்குச் சர்க்கரை தந்து மணிச்சத்தைப் பெறுகின்றன. மலைப்புற்களோ நூல்போன்ற வேர்களைப் பரப்பிப் பெரும்பாலும் தாமே தேடுகின்றன. மிளகுக்கொடி படரும் கல்யாணமுருங்கை, வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்களைப் பேணிக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பெறுகிறது.

ஏலமோ பூசணத்தோடு நட்புக்கொண்டு மேல்மண்ணிலேயே வேரோடுகிறது. மரங்கள் உதிர்க்கும் இலைமக்கே அதன் களஞ்சியம். ஆழத்து ஈரம் அதற்கு எட்டாது. நிழல்மரத்தை வெட்டிச் சருகையும் வாரிவிட்டால், கோடையில் முதலில் வாடுவது ஏலமே. ஆதலின், மரத்தைக் காப்பவனே ஏலத்தைக் காப்பவன் என்பேன்.