கைவினையும் கை நிறைந்த ஊதியமும்

பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்த நாம், மேசை வேலையே மேலான வேலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணத்தைச் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

1963 நவம்பர் 21-இல் நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அதன்பின் இங்கு வளர்ந்த விண்வெளி மையத்துக்கு விஞ்ஞானிகள் மட்டும் போதார். உலோகத்தைக் கடைபவரும் பற்றவைப்பவரும் வேண்டும். அங்கே 'டெக்னீஷியன்-பி' பதவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உரிய ஐ.டி.ஐ. சான்றிதழும் போதும். 2016-இல் நடப்புக்கு வந்த 7-ஆம் ஊதியக் குழு அட்டவணைப்படி அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். ரயில்வே இளநிலை எழுத்தருக்கோ 19,900 ரூபாய். குமாஸ்தாக்களாகிய நாமே இதைச் சொல்கிறோம்!

சாக்கையில் அரசினர் ஐ.டி.ஐ. இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு இரண்டாண்டு. வெல்டர் பயிற்சிக்கு ஓராண்டு. பெண்மக்களும் சேரலாம்.

போட்டி உண்டு, வேலை தானே வந்து வாயிற்கதவைத் தட்டாது. ஆயினும் கற்ற தொழில் கைவிடாது. மதிப்பெண் குறைந்தோர் ஒதுங்கும் இடமென அதனை இகழ வேண்டா. எண்ணெய்க் கறை படிந்த கைக்குப் பெண் கொடுக்கத் தயங்கவும் வேண்டா. விரும்பும் பிள்ளையை வாழ்த்தி அனுப்புவோம்.