பட்டயச் செவிலியரும் பட்டப் படிப்பும்

(மருத்துவமனை நிர்வாகப் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

மருத்துவமனை ஒன்றின் தரத்தை மதிப்பிடும்போது கட்டடம், படுக்கைகள், கருவிகள், டாக்டர்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் நோயாளி யாருடைய கண்காணிப்பில் இருக்கிறார் என்று கேட்டால், கிடைக்கும் விடை ஒன்றே: செவிலியர். டாக்டர் வந்து பார்த்துச் செல்கிறார், செவிலியர் உடனிருக்கிறார். நள்ளிரவில் நாடித் துடிப்பு தளர்வதையும், மூச்சு மாறுவதையும் முதலில் காண்பவர் அவரே. கண்டதன் பொருளை உணர்ந்து, உரியவருக்கு உரிய நேரத்தில் அறிவிக்க வேண்டியவரும் அவரே. எனவே செவிலியரின் கல்வி அவர்களுடைய சொந்த முன்னேற்றத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. நோயாளியின் உயிரைத் தொட்ட பிரச்சினையுமாகும்.

நம் நாட்டில் பதிவு பெற்ற செவிலியராவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பொது நர்சிங் மற்றும் பேறுகாலப் பணிக்கான பட்டயப் படிப்பு. இதன் கால அளவு மூன்று ஆண்டுகளாகவும் மூன்றரை ஆண்டுகளாகவும் மாறி வந்துள்ளது. மற்றொன்று, நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப் படிப்பு. பட்டயம் பெற்றுப் பணியாற்றுபவர் பின்னர் பட்டம் பெற உதவும் இணைப்புப் பாலமே ‘போஸ்ட் பேசிக்’ எனப்படும் இரண்டாண்டு பி.எஸ்ஸி. படிப்பு. இப்பாலத்தைக் கடப்பவர் யார், கடப்பதற்கான செலவை ஏற்பவர் யார், அவர் கடந்து செல்லும் காலத்தில் வார்டைப் பார்த்துக் கொள்பவர் யார் என்பவையே இவ்வுரையின் பொருள்.

வரலாற்றுப் பின்னணி

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, அன்றைய இந்தியாவில் சுமார் 7,000 செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்பதே அன்றைய நிலை. அதே 1946ஆம் ஆண்டில் தில்லியிலும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கப் பெற்றது. செவிலியரைப் பதிவு செய்யும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1926இலேயே இயற்றியிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சீரான கல்வித் தரத்தை வகுப்பதற்காக இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் நிறைவேறியது.

எனினும் பெருகி வந்த மருத்துவமனைகளுக்கு வேண்டிய செவிலியரை இவ்விரு கல்லூரிகளும் அவற்றைப் பின்பற்றித் தோன்றிய சில கல்லூரிகளும் தந்துவிட இயலாது. அப்பளுவைச் சுமந்தவை மருத்துவமனைகளோடு இணைந்திருந்த பட்டயப் பள்ளிகளே. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1961இல் அளித்த அறிக்கை, பட்டம் பெற்ற செவிலியர், அடிப்படைச் செவிலியர், துணைச் செவிலியர் என மூன்று நிலைகளைக் கருதியது. பட்டய நிலையினின்று பட்ட நிலைக்கு ஏறிச் செல்லும் படிக்கட்டு 1960களின் முற்பகுதியில் திருவனந்தபுரத்தில் அமைந்தது. சான்றிதழ் பெற்ற செவிலியருக்கான இரண்டாண்டுப் பட்டப் படிப்பு அங்குதான் முதலில் தொடங்கப்பட்டது.

1987இல் திருமதி சரோஜினி வரதப்பன் தலைமையில் அமைந்த உயர்நிலைக் குழு, எதிர்காலத்தில் தொழில்முறைச் செவிலியர் அனைவரும் பல்கலைக் கழக நிலையில் நான்காண்டுக் கல்வி பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும், ஏற்கெனவே பட்டயம் பெற்றுப் பணியாற்றுவோரை அக்குழு மறந்துவிடவில்லை. அவர்கள் மேற்கல்வி பெறும் பொருட்டு இரண்டாண்டுப் பட்டப் படிப்பு தொடர வேண்டும் என்றும் அது கூறியது. புதியன புகும்போது பழையோர் கைவிடப்படலாகாது என்ற இக்கொள்கை இன்றும் பொருத்தமுடையது.

படிப்பின் உள்ளடக்கம்

பட்டயம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட ஒருவருக்கு மீண்டும் இரண்டாண்டுக் கல்வி எதற்கு என்ற ஐயம் எழலாம். பாடத்திட்டத்தை நோக்கினால் விடை தெளிவாகும். முதலாண்டில் நுண்ணுயிரியல், உணவூட்டவியல், உயிர்வேதியியல், உளவியல் ஆகிய அடிப்படை அறிவியல்களும், தாய்மை நலம், குழந்தை நலம், மருத்துவ அறுவைப் பிரிவுச் செவிலியம் ஆகியவையும் இடம் பெறுகின்றன. இரண்டாமாண்டில் சமூகவியல், சமுதாய நலச் செவிலியம், மனநலச் செவிலியம் ஆகியவற்றோடு நர்சிங் கல்வி, நர்சிங் நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் சேர்கின்றன. பட்டயக் கல்வி, செயலை எவ்வாறு செய்வது என்று கற்பிக்கிறது. பட்டக் கல்வி அச்செயலுக்கான காரணத்தையும், பிறருக்குக் கற்பிக்கும் முறையையும், ஒரு வார்டை நடத்தும் முறையையும் சேர்த்துக் கற்பிக்கிறது.

ஆசிரியப் பணிக்கும் எம்.எஸ்ஸி. படிப்புக்கும் வாயில் இப்பட்டமே. ஆண்டுக்கணக்கில் வார்டில் பணியாற்றிய ஒருவர் ஆசிரியராகும்போது, புத்தக அறிவோடு அனுபவ அறிவும் மாணவியருக்குக் கிட்டுகிறது. இது நேர் வழியில் பட்டம் பெற்ற இளைஞரிடம் உடனடியாக எதிர்பார்க்க இயலாத ஒன்று.

பயனும் எச்சரிக்கையும்

பட்டக் கல்வியால் நோயாளிக்குப் பயன் உண்டா? 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அது ஆராய்ந்தது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவிகிதம் கூடுதலாக இருந்தால், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. அதே ஆய்வின் மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அவ்வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுதலாகக் காணப்பட்டது.

இவை இரண்டிற்கும் உள்ள தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை ஐயமற நிலைநாட்டுவன அல்ல. ஐரோப்பிய எண்களை இந்திய வார்டுகளுக்கு அப்படியே பொருத்துவதும் முறையன்று. ஆனால் இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே நோக்கினால் நிர்வாகிக்கு ஒரு பாடம் புலப்படும். செவிலியரைப் பட்டப் படிப்புக்கு அனுப்பிவிட்டு, அவருடைய இடத்தை நிரப்பாமல் விட்டால், ஒரு கையால் பெறவிருப்பதை மறு கையால் முன்னதாகவே இழக்க நேரிடும்.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரு மருத்துவமனையில் 100 செவிலியர் பணியாற்றுவதாகவும், ஒவ்வொருவர் பொறுப்பிலும் 9 நோயாளிகள் இருப்பதாகவும் கொள்வோம். ஆண்டுதோறும் ஐவர் இரண்டாண்டுப் படிப்புக்குச் சென்றால், இரண்டாம் ஆண்டு முதல் எப்போதும் 10 பேர் வெளியே இருப்பர். எஞ்சிய 90 பேரின் பொறுப்பில் தலைக்கு 10 நோயாளிகள் வருவர். முதல் இரண்டாண்டுகளில் பட்டதாரி ஒருவர்கூடத் திரும்பியிருக்க மாட்டார். பளு மட்டும் கூடியிருக்கும். பயன் ஆண்டுக்கு ஆண்டு வளரும் என்பது உண்மையே. ஆனால் தொடக்கத்தில் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் அன்று வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளும், இரவுப் பணியில் இருக்கும் சக செவிலியருமே. எனவே 10 மாற்றுப் பணியிடங்களை ஒதுக்குவது இத்திட்டத்தின் தவிர்க்க முடியாத செலவாகும்.

செலவை ஏற்பவர் யார்?

மத்திய அரசின் விடுப்பு விதிகள் (1972) படிப்பு விடுப்புக்கு வகை செய்கின்றன. குறைந்தது ஐந்தாண்டுகள் பணியாற்றிய ஊழியர், தம் பணியோடு நெருங்கிய தொடர்புடைய படிப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 24 மாதங்கள் வரை விடுப்புப் பெறலாம். ஆனால் ஒரே சமயத்தில் வழக்கமாக அளிக்கப்படுவது 12 மாதங்களே. இரண்டாண்டுப் படிப்புக்குச் செல்லும் செவிலியருக்கு இந்த விதிவிலக்குத் தேவைப்படுகிறது. அதனை அளிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. விண்ணப்பத்தை வார்டின் ஆள் பற்றாக்குறையோடு வைத்துப் பார்க்கும் அதிகாரி தயங்குவது இயல்பே. பிழை அதிகாரியுடையது அன்று. மாற்று ஆளுக்கு இடமளிக்காத பணியிட அமைப்பினுடையது.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை இதனினும் கடினமானது. படிப்பு விடுப்பு கிட்டாத இடத்தில் பணியை விட்டு விலகுவதே வழி. கல்விக் கட்டணத்தோடு இரண்டாண்டு ஊதியத்தையும் இழக்க வேண்டும். திரும்பி வரும்போது புதிதாகச் சேர்ந்தவராக வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். பொருளியலார் ‘வாய்ப்புச் செலவு’ என்று கூறுவது, வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஓர் இளம் செவிலியரைப் பொறுத்தவரை மாதந்தோறும் வராமற்போகும் மணியார்டரே ஆகும். அவர் பட்டப் படிப்பை விடுத்துப் பட்டயத்தை நாடியதற்கே குடும்பத்தின் பண நெருக்கடி காரணமாக இருந்திருக்கலாம். அதே நெருக்கடி இரண்டாம் வாய்ப்பையும் அடைத்து நிற்கிறது.

இதற்கு ஒரு வழி தொலைநிலைக் கல்வி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1994இல், பணியில் இருந்தவாறே குறைந்தது மூன்றாண்டுகளில் முடிக்கக்கூடிய பட்டப் படிப்பைத் தொடங்கியது. வார்டும் காலியாகவில்லை, ஊதியமும் நிற்கவில்லை. ஆனால் செவிலியம் கையாலும் கற்க வேண்டிய தொழில். செய்முறைப் பயிற்சி உரிய மையங்களில், உரிய மேற்பார்வையில் நடைபெற வேண்டும். அது பெயரளவில் நின்றுவிட்டால் மிஞ்சுவது ஒரு காகிதம் மட்டுமே. இவ்வெச்சரிக்கை நேரடிக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். பணியாற்றும் செவிலியரை மாணவியாகக் காட்டி, வருகைப் பதிவேட்டில் மட்டும் கல்வி நடக்குமாயின், உழைத்துப் படித்தவரின் பட்டமும் மதிப்பிழக்கும்.

ஊக்கம் எங்கே?

படித்து முடித்த பின் கிடைப்பது என்ன என்ற வினாவும் எழுகிறது. மத்திய அரசு நிறுவனங்களில் நர்சிங் அலுவலர் பதவியின் தொடக்க ஊதிய நிலை பட்டதாரிக்கும் பட்டயதாரிக்கும் ஒன்றே. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகங்களின் ஆட்சேர்ப்பில் பட்டதாரி நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டயதாரிக்கு 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது நியாயமே. ஆனால் பணியில் இருப்பவர் இடையில் பட்டம் பெற்றால், அதனால் அவருடைய பொறுப்பும் உயர வேண்டும். தொற்றுத் தடுப்பு, மாணவியர் பயிற்சி, வார்டு மேற்பார்வை போன்ற பணிகளை அவரிடம் ஒப்படைக்காமல், முன்பு செய்த வேலையையே செய்யச் சொன்னால், அரசு செலவிட்ட பணமும் அவர் செலவிட்ட ஆண்டுகளும் பயன் தராது. வெளிநாட்டுக்கோ வேறு நிறுவனத்துக்கோ அவர் செல்வது அப்போது வியப்பன்று.

செய்ய வேண்டுவன

2023 ஏப்ரலில் 157 புதிய நர்சிங் கல்லூரிகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து அமைக்க 1,570 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டதாரிகள் உருவாவர் என்பது எதிர்பார்ப்பு. அதே ஆண்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய நர்சிங் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டமும் நிறைவேறியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் 2022 இறுதியில் நாட்டில் பதிவு பெற்றிருந்த செவிலியப் பணியாளர், துணைச் செவிலியரையும் சேர்த்து, 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர். இருபத்தொரு வயதில் பட்டயம் பெறும் பெண் இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றக்கூடும். வருவோருக்கு மட்டும் பட்டம் என்றால், இருப்போரின் கல்வி பட்டய நிலையிலேயே நின்றுவிடும்.

எனவே சில நடவடிக்கைகள் இன்றியமையாதவை. பெரிய மருத்துவமனைகளின் பணியிடக் கணக்கில் படிப்புக்குச் செல்வோருக்கான மாற்றுப் பணியிடங்களும் சேர்க்கப்பட வேண்டும். இரண்டாண்டுப் படிப்புக்கு 24 மாத விடுப்பை ஒரே தொடராக அளிப்பது விதிவிலக்காக அல்லாமல் விதியாகவே அமைய வேண்டும். புதிய கல்லூரிகளில் ஒரு பகுதி இடங்கள் பணியிலுள்ள பட்டயச் செவிலியருக்கு ஒதுக்கப்படலாம். தனியார் துறையினருக்கு ஊதிய இழப்பை ஓரளவு ஈடு செய்யும் உதவித்தொகை தேவை. அரசின் செலவில் படித்தவர் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானதே. அக்காலத்தில் அவருடைய கல்விக்கு ஏற்ற பொறுப்பை அளிப்பது நிர்வாகத்தின் கடமை.

கோப்பில் இது ஒரு விடுப்பு விண்ணப்பமாகத் தோன்றும். அதன் பின்னால் ஒரு செவிலியரின் எதிர்காலம் இருக்கிறது. அவர் இல்லாத வார்டில் கண்விழிக்கும் மற்றொரு செவிலியரின் களைப்பு இருக்கிறது. அவ்விருவரையும் நம்பிப் படுத்திருக்கும் நோயாளி இருக்கிறார். மூவரையும் மனத்தில் கொண்டு எடுக்கப்படும் முடிவே நல்ல நிர்வாகமாகும்.