உண்ணும் உணவும் உறையும் குருதியும்



நான் மருத்துவன் அல்லேன், அரசாங்க அலுவலன். "பூண்டும் இஞ்சியும் இரத்தத்தை உறைய விடமாட்டா, பிறகு மாத்திரை எதற்கு?" என்று நம் அன்னதானப் பந்தியில் அன்பர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஆதலால் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அப்பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. இராஜஸ்தானின் உதயப்பூரில் மருத்துவர் அருண் போர்டியா 1970களில் பூண்டை ஆராய்ந்தார். பூண்டிலிருந்து கிடைக்கும் அஜோயீன் எனும் பொருள் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது என்று 1984இல் அறிவியலார் அறிவித்தனர். ஆனால் அளவு எவ்வளவு? அதே போர்டியா குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இதய நோயாளிகளுக்கு நாள்தோறும் 4 கிராம் இஞ்சித் தூள் மூன்று திங்கள் கொடுத்தும் தட்டணுக்களில் மாற்றம் இல்லை. ஒரே வேளையில் 10 கிராம் கொடுத்தபோதுதான் ஒட்டுதல் குறைந்தது. பத்துக் கிராம் தூளை எந்த இல்லத்தரசி ஒருவருக்கான இரசத்தில் இடுவார்?

இயற்கையானது தீங்கு செய்யாது என்பதும் சரியன்று. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த 'இனிப்புக் குளோவர்' எனும் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தப்போக்கு நில்லாமல் மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியே உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று. அளவறிந்து கொடுத்ததால் எலி நஞ்சே உயிர்காக்கும் மாத்திரையாயிற்று!

விரதம் இருப்போர் இனிக் கூறுவதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வார்ஃபரின், வைட்டமின் 'கே'யின் வேலையைத் தடுத்தே இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அந்த வைட்டமின் முருங்கைக் கீரையிலும் பசலையிலும் மிகுதி. தைப்பூசத்திற்கோ புரட்டாசிக்கோ திடீரென நாள்தோறும் கீரை உண்டால் மருந்தின் வலிமை குன்றும், கட்டி உண்டாகலாம். விரதம் முடிந்ததும் கீரையை அடியோடு நிறுத்தினால் அதே மாத்திரை மிகையாகிக் குருதி கசியும். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் ஒரே சீராக உண்டால் போதும். புதிய மருந்துகள் சிலவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. தங்கள் மருந்து எதுவென்று கேட்டறியுங்கள். பூண்டு மாத்திரை விழுங்குவோர் அதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பல் பிடுங்கும் முன்னரும் சொல்லுங்கள். (விரத நாளில் பூண்டையே தொடாதோர் நம்மிற் பலர் என்பது வேறு செய்தி.)

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அத்துடன் மூச்சும் திணறினால் கஷாயம் காய்ச்சிக் கொண்டிராது உடனே 999ஐ அழையுங்கள். வார்ஃபரின் உண்போர் மாலை அணியும் முன்பே மருந்தகத்தில் விரத உணவைக் கூறி, இரத்தப் பரிசோதனைக்கு நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.