அதிமதுரத்தின் இனிப்பை அளப்பது எப்படி?

தொண்டை கட்டினால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது தமிழர் வீடுகளில் பழைய வழக்கம். சீன மருந்துக் கடைகளிலும் இவ்வின வேர் கிடைக்கிறது.

அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்னும் இரசாயனப் பொருள். மருந்துக் குணத்திற்கும் அது முக்கியக் காரணம். அளவு மீறினாலோ உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறிவிடும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என 2003-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு கருத்துரைத்தது. ஆனால் கடைக்காரர் நிறுத்துத் தருவது வேரைத்தானே, கிளிசிரைசினை அல்லவே! செடியின் இனம், வளர்ந்த மண், வயது ஆகியவற்றால் அதன் அளவு வேருக்கு வேர் மாறுகிறது.

ஆய்வுக்கூட இயந்திரங்கள் இதைத் துல்லியமாக அளக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான மாதிரிகள் என்றால் நேரமும் செலவும் கூடிவிடும். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் யுகிஹிரோ ஷோயாமா குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் வேறு வழியைக் கையாண்டனர். நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே அளவுகோலாக்கினர்.

கிளிசிரைசின் மிகச் சிறிய மூலக்கூறு. தனியே செலுத்தினால் உடல் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே அதைப் புரதத்தோடு பிணைத்துச் சுண்டெலிக்குச் செலுத்தினர். பின்னர் சுண்டெலியின் மண்ணீரல் உயிரணுக்களைப் புற்று உயிரணுக்களோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் உயிரணுக்களைப் பெற்றனர். 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட முறை இது. அவர்களுக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சோதனை சிறு குழிகள் கொண்ட தட்டில் நடக்கிறது. குழியின் அடியில் கிளிசிரைசின் முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கும். அதில் வேர்ச்சாற்றையும் எதிர்ப்பொருளையும் ஊற்றுவார்கள். சாற்றில் கிளிசிரைசின் மிகுந்திருந்தால் எதிர்ப்பொருள் அதையே பற்றிக்கொள்ளும். அடியில் ஒட்டுவது குறையும். கழுவிய பின் நொதி சேர்த்து உண்டாக்கும் நிறமும் வெளிறிப்போகும். நிறம் மங்கினால் சத்து அதிகம் என்பதே இங்கு கணக்கு. சற்றுத் தலைகீழ்தான்.

ஒரு குறை உண்டு. உருவத்தில் ஒத்த வேறு பொருளையும் எதிர்ப்பொருள் பற்றிவிடலாம். அப்போது அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் சில மாதிரிகளை இயந்திரத்திலும் அளந்து, இரண்டு முடிவுகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். வேரில் கன உலோகம் கலந்திருக்கிறதா என்பதும் இச்சோதனையில் தெரியாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையோ இருதய மாத்திரையோ உட்கொள்பவர்கள், கடையில் வாங்கிய அதிமதுரத்தை நாள்தோறும் சாப்பிடுவதாக இருந்தால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.