கல்லில் நாய், கட்டத்தில் கவிதை

தளி என்றதும் இந்த அரங்கில் சிலருக்குக் குளிர் நினைவுக்கு வரும், சிலருக்கு ரோஜாத் தோட்டங்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டுக் கடல் கடந்தவர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரிந்திருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் விளிம்பில் இருக்கும் ஊர் அது. ஒரு பக்கம் தேன்கனிக்கோட்டை, மறுபக்கம் எல்லை தாண்டினால் ஆனேக்கல். சந்தையில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரலாம், பேரம் கன்னடத்தில் படியலாம். அப்படிப்பட்ட ஊர்க்காரரைச் சோதனைக் கவிதையும் ஓவியமும் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறது விழாக்குழு. சென்னையில் ஆளே இல்லையா என்று யாரும் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் எழுத்தும் உருவமும் ஒரே பரப்பைப் பங்கிட்டுக்கொண்ட கதையைச் சொல்வதற்குத் தளி வட்டாரம் ஒன்றும் தவறான இடமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, செங்கம் என்று விரியும் அந்த நிலம் நடுகற்களின் நிலம். வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நிற்கும். தமிழ் பேசுவோர் பலர் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், கன்னடம் பேசுவோருக்கு அது வீரகல்லு. தொல்காப்பியம் கல் எடுப்பதற்கே ஆறு படிகள் வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்வதிலிருந்து அதைப் பாடி வாழ்த்துவது வரை ஒரே சடங்கு. சிற்பிக்கும் பாடுபவனுக்கும் அங்கே தனித்தனி மேடை இல்லை.

எடுத்தனூர் நடுகல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வட்டெழுத்தில் வெட்டிய சில வரிகள், கூடவே ஆயுதம் ஏந்திய ஒரு வீரன், ஒரு நாய். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்கிறது எழுத்து. கள்ளர்கள் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள், சிற்பத்தில் அவர்களுக்கு இடமில்லை. நாய்க்கு மட்டும் இரண்டிலும் இடம் உண்டு. எழுத்தைப் படிக்காமல் பார்த்தால் அது ஏதோ ஒரு நாய். சிற்பத்தைப் பார்க்காமல் படித்தால் கோவிவன் வெறும் பெயர். இரண்டும் ஒரே கல்லில் சேரும்போதுதான் செய்தி முழுமையாகிறது. பெயர் தெரியாத அந்தக் கல்தச்சன் செய்திருக்கும் பங்கீடு, இன்றைய கலைக்கூடங்களில் 'சொல்லும் உருவமும்' என்ற தலைப்பில் மாட்டப்படும் பல சட்டகங்களில் கிடைப்பதில்லை.

எல்லைப் பக்கம் கிடைக்கும் மூன்றடுக்குக் கற்கள் இன்னொரு வகை. அவற்றைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், உச்சியில் இலிங்கத்தின் அருகே அமர்ந்திருக்கும் அவனே. எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் அடுக்குகளுக்கு இடையிலான பட்டையில் ஓடும். கண் மேலே ஏறிக்கொண்டே போகும், எழுத்து அதை இடமிருந்து வலமாக இழுக்கும். ஒரு பக்கத்தை எந்தத் திசையில் படிப்பது என்ற கேள்வியைப் பாரிஸ்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் ஒருமுறை ஓசூர் பஸ் ஏறலாம்.

பாரிஸைச் சொன்னதும் அப்போலினேர் வருவார். 1918இல் வெளியான அவருடைய 'கலிகிராம்' தொகுப்பில் மழை பற்றிய கவிதையின் எழுத்துகள் சாய்ந்த தாரைகளாகத் தாளில் இறங்கும். அதற்கு முன் 1897இல் மல்லார்மே, பகடை எறிதல் பற்றிய நெடுங்கவிதையில் சொற்களைச் சிறிதும் பெரிதுமாகத் தாள் முழுக்கச் சிதறவிட்டார். 1950களில் பிரேசிலின் இளைஞர்கள் வாக்கியத்தையே விட்டுவிட்டு எழுத்துருவையும் வெற்றிடத்தையும் வைத்துக் கவிதை செய்தார்கள். உலகம் இதைச் சோதனைக் கவிதை என்று கொண்டாடியது, சரிதான். ஆனால் தண்டியலங்காரம் 12ஆம் நூற்றாண்டிலேயே பட்டியல் போட்டுவிட்டது: கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம். சித்திரகவி என்று இவற்றுக்குப் பொதுப்பெயர்.

கோமூத்திரி என்றால் மாடு நடந்துகொண்டே பெய்யும் மூத்திரக் கோடுதான், வேறொன்றுமில்லை. இரண்டு வரியை மேலும் கீழுமாக எழுதி, ஓர் எழுத்து மேலே ஓர் எழுத்து கீழே என்று வளைந்து வளைந்து படித்தாலும் அதே செய்யுள் வர வேண்டும். சருப்பதோபத்திரம் இன்னும் கடுமை. எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள். எட்டெழுத்து வரிகள் நான்கை மேலிருந்து எழுதி, அவற்றையே கீழிருந்தும் எழுதினால், நான்கு திசைகளிலும் அதே பாட்டு. சித்திரகவியில் இன்னொரு வகையான எழுகூற்றிருக்கை எண்களின் தேர். ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி இறங்கி, அடுத்த தட்டில் மூன்றுவரை, பிறகு நான்குவரை என ஏழுவரை போகும். சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் இதில் பாடியிருக்கிறார்கள். வித்தை காட்ட வேண்டிய நெருக்கடி இவர்கள் மூவருக்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு, அதிகம் பேசப்படாதது. அப்போலினேரின் மழைத்தாரையை நேராக்கி வழக்கமான வரிகளாக அச்சிட்டாலும் சொற்களில் ஒன்றும் குறையாது, உருவம்தான் போகும். நாகபந்தத்தில் அது நடக்காது. பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் ஓர் எழுத்து இரண்டு வரிகளுக்கும் சொந்தம். படத்தைக் கலைத்தால் அந்தப் பொதுவுடைமை கலைந்துவிடும். பிரெஞ்சுக் கவிதையில் படம் வெளிக்கோடு. தமிழ்ப் பந்தத்தில் படம் கண் போகவேண்டிய தடம். முன்னது ஓவியரின் வேலைக்கு அருகில் நிற்கிறது, பின்னது கட்டடம் கட்டுபவரின் வேலைக்கு.

அதனால்தான் பழனி மாம்பழக்கவிச்சிங்க நாவலரால் (1836–1884) அதைச் செய்ய முடிந்தது. குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயில் பார்வையை இழந்தவர். அவர் சித்திரகவி பாடினார். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது, எங்கே இரண்டு தடங்கள் சந்திக்கின்றன என்பதெல்லாம் அவருக்கு மனத்துக்குள்ளேயே வரைபடமாக இருந்திருக்க வேண்டும். காட்சிக் கவிதை பற்றி உலகில் எழுதப்பட்ட புத்தகங்களில் இந்த மனிதருக்கு ஓர் அத்தியாயம் இல்லாதது தமிழர்களான நம்முடைய குறை.

இத்தனை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பந்தங்களில் பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை. கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காகச் சொல் வளைக்கப்பட்டு, உரையாசிரியரின் தயவில்லாமல் பொருள் விளங்காத நிலைக்குப் போய்விட்டது. பாரதி 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன் புலவர்களின் இந்த வேலையை, பந்தங்களின் வரிசையில் தீப்பந்தத்தையும் சேர்த்துக் கிண்டலடித்தார். அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. பரிதிமாற்கலைஞர் 'சித்திரகவி விளக்கம்' எழுதி வைத்ததும், பாம்பன் சுவாமிகள் முருகன்மேல் சதுரங்க பந்தம் முதலியவற்றைப் பாடியதும் ஒரு மரபின் கடைசிப் பெரிய முயற்சிகள் என்றே சொல்லலாம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பித்து குறைவில்லை. கன்னடத்தில் 'சிரிபூவலயா' என்றொரு நூல் இருக்கிறது. 27க்கு 27 கட்டங்களில் எழுத்தே இல்லாமல் எண்களாக நிரப்பிய சக்கரங்கள் கொண்டது. 1953இல் பெங்களூரில் அச்சேறியது. 9ஆம் நூற்றாண்டு நூல் என்றும், அதற்குள் 700க்கு மேற்பட்ட மொழிகள் இருப்பதாகவும் அதன் அன்பர்கள் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நம்பத் தேவையில்லை, ஆனால் அந்தக் கட்டங்களைப் பார்க்கத் தவறவும் கூடாது.

1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது யாப்பு உடைந்தது, பந்தம் பற்றிய பேச்சே போய்விட்டது. 1962இல் வந்த 'புதுக் குரல்கள்' தொகுப்பில் புதிதாகத் தெரிந்தவற்றுள் ஒன்று, வரி எங்கே முடிகிறது என்பதைக் காதுக்குப் பதிலாகக் கண் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த திருகோணமலைக்காரர் பிரமிள் ஓவியமும் தீட்டினார், சிற்பமும் செய்தார். அவருடைய படிமங்களின் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்வது கடினம்.

அதே ஆண்டுகளில் சென்னை ஓவியக் கல்லூரியில் எதிர்த்திசையில் ஒரு நடை தொடங்கியிருந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைத் தீட்ட ஆரம்பித்தார். மலையாள எழுத்துகள் போன்றவை, கணக்குச் சூத்திரங்கள், ஜாதகக் கட்டங்கள் எல்லாம் திரைச்சீலையை நிறைத்தன. கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால் படிக்க முடியாது. எழுத்தின் உருவம் மட்டும் வேண்டும், பொருள் வேண்டாம் என்றார் அவர். கவிஞர்கள் ஓசையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓவியர் பொருளை இறக்கி வைத்தார். 1966இல் அவர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே பாலம் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008). சேலத்திலிருந்து சி. மணி நடத்திய 'நடை', 1970இல் தொடங்கிய 'கசடதபற' என்று சிற்றிதழ்கள் முளைத்த காலம் அது. அந்த வட்டத்து எழுத்தாளர்களோடு பழகி, இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் கோட்டோவியங்களும் தலைப்பெழுத்துகளும் வரைந்து கொடுத்தார். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இருந்த ஈய எழுத்துகளுக்கு வெளியே தமிழுக்கு இன்னொரு முகம் உண்டு என்று வாசகர்கள் தெரிந்துகொண்டது அந்தத் தலைப்புகளில்தான். பிறகு 'ஜூனியர் விகட'னில் எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த கோடுகள் சிற்றிதழ் பக்கமே போகாத லட்சக்கணக்கான கண்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தளிக்கு அண்டையிலிருந்தும் ஒரு பெயர் சொல்லலாம். தர்மபுரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கவிஞர் பிரம்மராஜன், 'மீட்சி' இதழ் வழியே உலகச் சோதனைக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்.

புலம்பெயர்ந்தோர் கூடியிருக்கும் அவையில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனை விட்டுவிட முடியாது. அவருடைய 'முற்றுப்பெறாத தோம்பு' 2011இல் வெளியானது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அந்தக் கோணல் வரைபடம், அதையே கட்டடக் கலைஞர் முறையாக வரைந்த படம், வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னது, ஓவியரின் சித்திரம் எல்லாம் பதிவேடு போலவே கட்டப்பட்ட ஒரு புத்தகத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அதைக் கவிதை நூல் என்று யாரும் வகைப்படுத்தவில்லை. ஆனால் கிணறு எங்கே, வேம்பு எங்கே, சாமியறை எங்கே என்று ஒருவர் கைநடுங்கக் குறித்திருக்கும் தாளில் சொல்லும் கோடும் ஒன்றையொன்று தாங்குகின்றன. எடுத்தனூர்க் கல்லுக்கு இன்று ஓர் உறவுக்காரர் உண்டென்றால் இந்தப் புத்தகம்தான்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மூன்றாம் திருமுறையில் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கும் பதினொரு பாடல்கள். அதைக் கணினியில் இட்டு எழுத்துகளைத் தலைகீழாக்கச் சொன்னால் சாதாரண நிரல் தடுமாறும். 'மா' நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது மகரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள். திருப்பிப் போட்டதும் துணைக்கால் முன்னால் வந்து, பிடிக்க மெய் இல்லாமல் புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். கணினியின் கண்ணில் சம்பந்தர் தோற்றுவிடுவார்! 'ஓப்பன்-தமிழ்' என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு உயிர்மெய்யை உடைக்காமல் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அதை வைத்துக்கொண்டு மாலைமாற்றைச் சோதிக்கலாம், கோமூத்திரியை வளைத்துப் பார்க்கலாம், 64 கட்டங்களில் புதிதாக ஒன்றை முயன்றும் பார்க்கலாம். சங்கத்தின் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் நிரல் தெரிந்த ஒரு பதின்வயதுப் பிள்ளையும் ஓவியம் வரையும் இன்னொரு பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த ஆண்டு விழா மலருக்கு இரண்டு பக்கம் தேறும். நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே அந்த இரண்டு பக்கத்தை ஒதுக்கித் தருமாறு மலர்க்குழுவை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.