பெரிய கோயில் சுவரும் வெளியூர்க் கண்களும்



பல பண்பாடுகளிலிருந்து வந்த ஆசிரியர்கள் இருந்தால் மாணவர்களுக்கு உலகப் பார்வை கிடைக்கும் என்று இப்போது பல்கலைக்கழக அறிக்கைகள் தவறாமல் எழுதுகின்றன. எப்படிக் கிடைக்கும் என்று மட்டும் அவை சொல்வதில்லை. ஜப்பானிலிருந்து வந்தவர் ஜப்பானைப் பற்றிச் சொல்வார் என்பதுதான் பயன் என்றால் அதற்கு ஓர் ஆசிரியர் தேவையில்லை, உங்கள் கைப்பேசி போதும். என் வாதம் வேறு. வெளியிலிருந்து வருபவர் தம் ஊரை நமக்குக் காட்டுவதைவிட, நம் ஊரை நமக்குக் காட்டுவதில்தான் அதிகம் பயன்படுகிறார். இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரே போதும்.

1010இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலின் கல்லில், நகைகளின் எடையும் கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும் ஊர்களின் நில அளவும் வெட்டப்பட்டிருக்கின்றன. தினமும் அதைச் சுற்றி வந்த ஊராருக்கு அது சுவர். கட்டியவன் யார் என்பதே கதைகளில் கலங்கிக் கிடந்தது. ஜெர்மானியரான ஹூல்ட்ஷும் அவருடன் பணியாற்றிய வெங்கய்யாவும் அந்த எழுத்துகளைப் படித்து, 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சேற்றத் தொடங்கிய பிறகுதான் அது ஆவணமாயிற்று. 1930களில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இப்படிப்பட்ட கல்வெட்டுகளைக் கொண்டு, வலுவான நிர்வாகமுள்ள ஒரு பேரரசைக் கண்டார். அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில் அதையே மறுத்தார். காவிரிப் படுகைக்கு வெளியே சோழ மன்னனின் அதிகாரம் பெரும்பாலும் சடங்கு அளவில்தான், நாடு எனப்பட்ட ஊர்த் தொகுதிகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டன என்றார். இந்தக் கருத்தின் வேர் உகாண்டாவின் ஆலூர் இன மக்களைப் பற்றி மானிடவியலாளர் சவுதால் செய்த ஆய்வில் இருந்தது. ஆப்பிரிக்க மக்களின் வாழ்வு சோழ நாட்டு வரலாற்று வகுப்புக்குள் வந்த வழி இது!

ஜப்பானியரான நொபோரு கராஷிமா இன்னொரு திசையிலிருந்து வந்தார். போருக்குப் பிந்திய ஜப்பானில் நிலச் சீர்திருத்தமும் கிராமச் சமுதாயம் பற்றிய விவாதமும் சூடாக இருந்த காலத்தில் படித்தவர் அவர். அரசன் எவ்வளவு பெரியவன் என்பதைவிட, நிலம் யார் கையில் இருந்தது என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நிலம் ஊர்ப் பொதுவாக இருந்ததையும், பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேயமான மற்றொன்றில் தனியார் நிலம் வாங்கி விற்றதையும் கல்வெட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஸ்டெயினின் கோட்பாடு ஆலூரிலிருந்து கிளம்பியது. கராஷிமாவின் ஆய்வு அல்லூரில் நின்றது. ஓசைப் பொருத்தம் தற்செயல்தான். மூன்று பேர் மூன்று இடத்திலிருந்து ஒரே வகைச் சான்றைப் படித்ததால் சோழர் வரலாறு மனப்பாடப் பகுதியாக இல்லாமல் விவாதமாயிற்று.

இதற்கு மறுப்புகள் உண்டு. வெளியார் அதிகாரத்தோடுதானே வந்தார்கள் என்பது முதல் கேள்வி. உண்மைதான். ஹூல்ட்ஷ் காலனி அரசின் ஊழியர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜிக்குக் கல்வி தந்த ஷுவார்ட்ஸ் பாதிரியார் மதம் பரப்ப வந்தவர். அவருடைய மாணவர் அரியணை ஏறிய மறு ஆண்டே, 1799இல், ஆட்சி நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆனாலும் அந்த மாணவர் மதம் மாறவில்லை. ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆசிரியர் கொண்டுவந்ததில் எதைக் கொள்வது என்பதை மாணவர் தீர்மானித்தார்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது: ஆசிரியரைப் புலமை பார்த்து எடுப்பதா, பிறந்த ஊர் பார்த்தா? பிறந்த ஊர் மட்டும் ஒன்றுக்கும் உதவாது என்றே நினைக்கிறேன். கராஷிமா 1960களின் தொடக்கத்தில் இங்கே வந்து தமிழும் கல்வெட்டெழுத்தும் கற்ற பிறகுதான் அவருடைய கேள்விக்குப் பலன் கிடைத்தது. அதுவும் தனியாக இல்லை. சோழ மண்டலத்தின் நாடுகளை ஊர் ஊராக வரைபடத்தில் குறித்தவர், பின்னாளில் இங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எ. சுப்பராயலு. அந்த உழைப்பின் மேல்தான் ஸ்டெயினும் நின்றார். அவரை மறுத்தவர்களும் நின்றார்கள். 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்த பெருநூல், கராஷிமா, சுப்பராயலு, மட்சுய் என மூவர் பெயரில் வந்தது. உள்ளூர்க்காரர் கையில் பதில்கள் குவிந்திருக்கும்; அவற்றுக்கான கேள்வி சில சமயம் கப்பலேறித்தான் வர வேண்டியிருக்கிறது.

முனைவர் பட்டத்தோடு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இந்தப் பட்டமளிப்பு அரங்கிலேயே இருக்கும்போது வெளியாரை அழைப்பது நியாயமா என்றும் கேட்பீர்கள். நியாயமான கோபம். ஆனால் வெளி என்பது விமானத்தில் வருவது மட்டும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழும் வெளிதான், கோலாலம்பூர்த் தமிழும் வெளிதான். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியின் மகள் ஆசிரியராக நின்றால், அவள் காவிரியை அதன் கடைசி முனையிலிருந்து பார்ப்பாள். மேட்டூர் அணையைத் திறந்த செய்தி அவளுக்கு வேறு பொருள் தரும். ஆளெடுக்கும் குழுக்கள் இந்த வேறுபாட்டையும் ஒரு தகுதியாக எண்ண வேண்டும்.

வெளியாரை அழைப்பதில் வயல்கள் நமக்கு முன்னே போய்விட்டன. டெல்டாவில் நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் குடும்பத்தோடு தங்கிவிட்டால், உங்களில் ஆசிரியராகப் போகிறவர்களின் வகுப்பில் அவர்கள் பிள்ளைகள் உட்காருவார்கள். நில அளவைப் பாடம் நடக்கும்போது, வேலி என்றால் முள்வேலியா சார் என்று ஒரு பையன் கேட்கலாம். இருபது மா ஒரு வேலி என்று சொல்லியே பழகிய உங்களுக்கு, அளவுக்கு ஏன் அந்தப் பெயர் என்ற கேள்வி அதுவரை எழுந்தே இருக்காது. வேலியையும் அதன் நுண்ணிய பின்னங்களையும் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேருந்து பிடித்து அவனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.