தீ மூளுமுன் திட்டமிடுவோம்
(சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தீ என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அக்கொடுமைக்கு விடை நீதியே அன்றி வேறில்லை. ஆனால் அடுப்புப் பொறியும் மின்கசிவும் மூட்டுகின்ற தீக்கு விடை ஓரளவு நம் கையிலும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டதை நாம் மறத்தலாகாது.

ஆகவே இன்றிரவே குடும்பத்தாருடன் அமர்ந்து நான்கு செய்திகளை முடிவு செய்வோம்.

முதலாவது, வழி. வாசலை அடுப்பு மறித்து நின்றால் வேறெவ்வழியே வெளியேறுவது? குடிசையாயின் பின்புறத் தட்டியை உதைத்துத் திறக்கும்படி கட்டுவோம். தொகுப்பு வீடாயின் ஒரு சன்னல் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைப்போம். இரவில் பூட்டின் சாவி ஒரே ஆணியில் தொங்கட்டும். அதைச் சிறுவரும் அறியட்டும். தீக்கு முன்னே புகை கொல்லும். அது மேலே திரளுமாதலால், தவழ்ந்து வெளியேறக் குழந்தைகளைப் பழக்குவோம்.

இரண்டாவது, பொறுப்பு. கைக்குழந்தையை யார் தூக்குவது, நடக்கவியலாத பாட்டியை யார் தாங்குவது என்பதைப் பெயர் சொல்லி வகுப்போம். எல்லாரும் பார்த்துக்கொள்வர் என்று விட்டால் ஒருவரும் பாரார்.

மூன்றாவது, கூடுமிடம். வேப்பமரத்தடியோ குழாயடியோ ஓரிடத்தைக் குறித்து, அங்கே தலை எண்ணுவோம். பின்னர் 101 என்ற எண்ணுக்குத் தெருவின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்வோம்.

நான்காவது, திரும்பாமை. இதுவே நமக்கு மிகவும் கடினமானது. குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும், சாதிச் சான்றிதழும், வீட்டுமனைப் பட்டாவும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. மூன்று தலைமுறை உழைத்துச் சேர்த்த செல்வம் அது. அதற்காக உள்ளே பாயத் துடிக்கும் மனத்தை நாம் அறிவோம். ஆயினும் தோழர்களே, சான்றிதழுக்கு நகல் உண்டு. அதைப் பெற்ற பிள்ளைக்கு நகல் இல்லை! எனவே இப்போதே படியெடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் வைப்போம், டிஜிலாக்கரிலும் சேமிப்போம். பெட்டியைப் பற்றிய கவலை முன்பே தீர்ந்திருந்தால் கால்கள் திரும்பா.

திட்டத்தைப் பேசி விட்டுவிடாமல், ஒருநாள் இரவு விளக்கணைத்து, அனைவரும் நடந்து பார்ப்போம். குழந்தைகள் அதை விளையாட்டென்று எண்ணட்டும். கால்கள் பாடமாகக் கற்றுக்கொள்ளும்.

கல்வி என்பது ஏட்டோடு முடிவதன்று. உயிரைக் காக்கும் அறிவும் கல்வியே. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்து வீடுகளுக்கு இதைக் கற்பிப்பாராயின், இவ்வெள்ளி விழாவிற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.